ஹேவ்லாக்கில் கரையிலிருந்தே முதல் ஸ்கூபா டைவ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அந்தமான் போகிறேன் என்று சொன்ன மறுநிமிடமே வரும் கேள்வி, "அப்போ ஸ்கூபா பண்றீங்களா?" என்பதுதான். இதுவரை ஒருமுறைகூட டைவ் செய்யாதவர்கள் ஹேவ்லாக் தீவில் படகில் போகாமல் கரையிலிருந்தே நடந்து இறங்கும் டைவைப் பற்றி வழக்கமாகக் கேட்பதற்கான பதில்கள் இவை. பெயர்க் குழப்பம் வேண்டாம் என்பதற்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஹேவ்லாக் 2018-இல் சுவராஜ் தீவு ஆனது, போர்ட் பிளேர் 2024-இல் ஸ்ரீ விஜய புரம் ஆனது. டிக்கெட்டில் புதுப் பெயரைப் பார்ப்பீர்கள், ஆட்டோக்காரரிடம் பழைய பெயரைச் சொன்னாலும் போதும்.

கரை டைவ், படகு டைவ், எதை எடுப்பது? படகுதானே பெரியது, நல்லது?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். படகுக்குக் காசு அதிகம், அதனால் அதுதான் உசத்தி, கரையிலிருந்து இறங்குவது காசில்லாதவனுக்கு என்று ஒரு கணக்கு. முதல் டைவுக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ்.

படகில் போனால் குலுங்கிக்கொண்டு போய், சிலருக்கு வாந்தி வந்து, கடைசியில் கால் எட்டாத நீரில் குதிக்க வேண்டும். குதித்த முதல் நொடியிலேயே முகமூடி, வாயில் ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி), அலை, ஆழம் எல்லாம் ஒன்றாக வந்து விழும். கரையில் அப்படி இல்லை. இடுப்பளவு நீரில் நின்றபடி மூச்சு விட்டுப் பழகலாம். பயமாக இருந்தால் காலை ஊன்றி எழுந்து நிற்கலாம், ரெகுலேட்டரைத் துப்பிவிட்டு நாலு வார்த்தை பேசலாம், மறுபடி முயலலாம். ஆழம் படிப்படியாகத்தான் கூடும். "இல்லைங்க, எனக்கு வேண்டாம்" என்று எந்த இடத்திலும் திரும்பி நடக்கலாம், யாருடைய படகும் உங்களுக்காகக் காத்திருக்காது.

படகு டைவில் நீர் தெளிவாக இருக்கும், மீன் கூட்டமும் அதிகம், அதை மறுக்கவில்லை. அது இரண்டாவது டைவுக்கு.

நீச்சல் தெரியாது. இறங்கலாமா?

இறங்கலாம். முதல்முறை வருபவர்களுக்கான அறிமுக டைவில் (டிஸ்கவர் ஸ்கூபா டைவிங், சுருக்கமாக டி.எஸ்.டி. என்பார்கள், டிரை டைவ் என்றும் சொல்வதுண்டு) நீச்சல் சோதனை கிடையாது. பயிற்றுநர் உங்கள் சிலிண்டரையோ, காற்றடித்து மிதக்க வைக்கும் ஜாக்கெட்டையோ பிடித்தபடியேதான் வருவார், அதில் காற்று நிரப்புவதும் குறைப்பதும் அவர் கையில். ஜாக்கெட்டில் காற்றை அடித்தால் நீங்களே முங்க நினைத்தாலும் மிதப்பீர்கள்.

ஆனால் நீச்சல் தெரியாததும் தண்ணீர் என்றாலே உடம்பு உதறுவதும் வேறு வேறு. முகத்தில் தண்ணீர் பட்டாலே மூச்சு முட்டுபவர் என்றால், ஊரிலேயே ஒரு வாளித் தண்ணீரில் முகத்தை முக்கி, வாய் வழியாக மெல்லக் காற்றை வெளியே விட்டு நாலு நாள் பழகிவிட்டு வாருங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் உண்மையாகவே உதவும்.

யாரெல்லாம் இறங்கக் கூடாது?

முதலில் ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். அதைப் படிக்காமலே எல்லாவற்றுக்கும் "இல்லை" போட்டுக் கையெழுத்திடுவது நம்மவர்களிடம் ஒரு பழக்கம், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், நுரையீரல் பிரச்சினை, காது அறுவை, அண்மையில் நடந்த எந்த அறுவையும், இன்சுலின் எடுக்கும் சர்க்கரை நோய், இதில் ஒன்று இருந்தாலும் மருத்துவர் கையெழுத்து வேண்டும். அதைப் பயணத்துக்கு முன்பே ஊரில் வாங்கிக்கொள்ளுங்கள், தீவுக்கு வந்தபின் அலையாதீர்கள். கர்ப்பிணிகள் இறங்கவே கூடாது. வயது குறைந்தது 10.

சளி பிடித்திருந்தால் அன்றைக்கு வேண்டாம், மூக்கடைப்பு மாத்திரையைப் போட்டுக்கொண்டு இறங்குவதும் வேண்டாம். நீருக்கடியில் மருந்தின் வேகம் தீர்ந்தால் உள்ளே அடைபட்ட காற்று மேலே வரும்போது வெளியேற வழி இல்லாமல் மாட்டிக்கொள்ளும். முந்தின இரவு குடித்துவிட்டு வருவதற்கும் அதே பதில்தான்.

எங்கே இறங்குவார்கள், என்னதான் நடக்கும்?

தீவின் கிழக்குக் கரையில் நெமோ ரீஃப் என்று ஒரு இடம், புதியவர்களை அழைத்துப் போவது பெரும்பாலும் அங்கேதான். 'ஃபைண்டிங் நெமோ' படத்தில் வரும் கோமாளி மீன் இருப்பதால் அந்தப் பெயர்.

முதலில் கால்மணி நேரம் விளக்கம். அப்புறம் நனைந்த வெட்சூட்டுக்குள் (உடம்போடு ஒட்டும் ரப்பர் உடை) உடம்பைத் திணிக்கும் படலம், முழங்காலுக்கு மேலே ஏறாமல் ஐந்து நிமிடம் மல்லுக்கட்டுவீர்கள், எல்லோருக்கும் அப்படித்தான். ஜிப் முதுகுப் பக்கம் வரும், முன்னால் இல்லை. பிறகு இடுப்பில் ஈயக்கட்டி கோத்த பெல்ட், முதுகில் சிலிண்டர். சிலிண்டர், ஜாக்கெட், ஈயம் எல்லாம் சேர்ந்தால் 20 கிலோவைத் தாண்டும், அதைச் சுமந்துகொண்டு மணலில் நடக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் முழு டைவிலும் உடம்புக்குக் கஷ்டமான பகுதி. பல இடங்களில் பயிற்றுநரே சிலிண்டரைத் தண்ணீருக்குக் கொண்டுபோய், மிதக்க வைத்து, அங்கே மாட்டிவிடுவார். முதுகுவலி இருந்தால் இதை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்.

தண்ணீருக்குள் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடக்க வேண்டும். மணலுக்குள் புதைந்து கிடக்கும் திருக்கை அதிர்வு தெரிந்து விலகிப் போய்விடும், மிதித்தால்தான் வம்பு. துடுப்புக் காலணியை, அதாவது ஃபின்னை, கரையில் மாட்டாதீர்கள். இடுப்பளவு நீர் வந்தபின் பயிற்றுநரின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக மாட்டலாம். ஃபின்னோடு முன்னோக்கி நடந்தால் குப்புற விழுவது உறுதி.

அப்புறம் அங்கேயே பயிற்சி. மண்டியிட்டு மூச்சு விடுவது, ரெகுலேட்டர் வாயைவிட்டு நழுவினால் திரும்ப எடுப்பது, முகமூடிக்குள் தண்ணீர் புகுந்தால் மேல் விளிம்பை அழுத்திக்கொண்டு மூக்கால் ஊதி வெளியேற்றுவது. இவை வந்துவிட்டால் மெல்ல ஆழத்துக்கு. அறிமுக டைவுக்கு உச்ச ஆழம் 12 மீட்டர், பெரும்பாலோர் அதைவிடக் குறைவாகவே போகிறார்கள், அது போதும். நீருக்கடியில் சுமார் அரைமணி நேரம் இருப்பீர்கள்.

காது வலிக்கும் என்கிறார்களே?

முதல் டைவ் பாதியில் நிற்பதற்குக் காரணம் பயத்தைவிடக் காதாகவே பல நேரம் இருக்கும், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மேலே நாம் நிற்கும் இடத்தில் காற்றழுத்தம் 1 பார் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). 10 மீட்டர் இறங்கினால் 2 பார், அதாவது முதல் 10 மீட்டரிலேயே அழுத்தம் இரட்டிப்பாகிவிடுகிறது. வெளியே தண்ணீர் செவிப்பறையை உள்ளே தள்ளுகிறது, உள்ளே இருக்கும் காற்று பழைய அழுத்தத்திலேயே இருக்கிறது. இரண்டு மூன்று மீட்டரிலேயே அந்த இறுக்கம் தெரிய ஆரம்பிக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடி, மெதுவாக மூக்கு வழியாக ஊதுவதுபோல் செய்தால் தொண்டையிலிருந்து காதுக்குப் போகும் குழாய் திறந்து காற்று உள்ளே போகும், "டப்" என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும். விமானத்திலும் மலைப்பாதையிலும் செய்வோமே, அதேதான்.

வலி வந்தபிறகு செய்யலாம் என்று காத்திருப்பதுதான் எல்லோரும் செய்வது, அங்கேதான் கெடுகிறது. வலி வந்துவிட்டால் அந்தக் குழாய் அழுந்தி மூடிக்கொண்டுவிட்டது என்று பொருள், அதற்குமேல் எவ்வளவு ஊதினாலும் திறக்காது, பலமாக ஊதினால் காதுக்குத்தான் சேதம். அதனால் தலை தண்ணீருக்குள் போன உடனே ஒருமுறை, பிறகு அரை மீட்டருக்கு ஒருமுறை, வலிக்காதபோதே செய்துகொண்டே இறங்குங்கள். அடைத்துக்கொண்டால் காதைக் காட்டி, கையை ஆட்டி "சரியில்லை" என்று சைகை செய்யுங்கள், ஒரு மீட்டர் மேலே ஏற்றுவார்கள், அங்கே முயன்றால் பெரும்பாலும் திறந்துவிடும். ஒரு காது திறந்து இன்னொன்று திறக்காமல் அடம்பிடிப்பது சகஜம், அந்தக் காது மேலே இருக்கும்படி தலையைச் சாய்த்துப் பாருங்கள். கரை டைவில் சரிவு மெதுவாக இருப்பதால் இதற்கெல்லாம் நேரம் கிடைக்கிறது.

சிலிண்டரில் ஆக்சிஜன்தானே? தீர்ந்துவிட்டால்?

ஆக்சிஜன் இல்லை. நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றுதான், ஈரமும் தூசியும் நீக்கி சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைத்தது. எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைப் பயிற்றுநர் பார்த்துக்கொண்டே இருப்பார், அதைக் காட்டும் கேஜ் உங்களிடமும் உண்டு. அவருடைய சிலிண்டரிலிருந்து நீங்கள் சுவாசிக்க ஒரு உபரி ரெகுலேட்டரும் தொங்கும், பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில். இறங்கும் முன் அது எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள்.

நீங்கள் மறக்கவே கூடாத விதி ஒன்றே ஒன்று: மூச்சைப் பிடித்து வைக்காதீர்கள். ஆழத்தில் நுரையீரல் நிறைய இழுத்த காற்று, மேலே வரவர விரியும். மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினால் ஒன்றிரண்டு மீட்டர் ஏற்றம்கூட நுரையீரலைக் காயப்படுத்தலாம். நீச்சல் நன்றாகத் தெரிந்தவர்கள் பழக்கதோஷத்தில் மூச்சை அடக்குவார்கள், நீச்சல் தெரியாதவர் இந்த விஷயத்தில் அவர்களைவிடத் தேவலை.

மீசை இருக்கிறது, கண்ணாடி போடுகிறேன். பிரச்சினையா?

மீசை சின்னத் தொல்லை. முகமூடியின் சிலிக்கான் விளிம்பு மேலுதட்டில் ஒட்ட வேண்டிய இடத்தில் முடி இருந்தால் அந்த வழியாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கசியும். மூக்கின் கீழே ஒரு மெல்லிய கோடு மட்டும் ஒட்ட வெட்டினால் போதும், மீசையை எடுக்கத் தேவையில்லை. நெற்றியில் ஒரு கொத்து முடி விளிம்புக்குள் மாட்டியிருந்தாலும் இதே கசிவுதான்.

கண்ணாடியோடு முகமூடி போட முடியாது. பவர் உள்ள முகமூடி சில இடங்களில் இருக்கும், முன்பே சொல்லி வையுங்கள். பவர் குறைவாக இருந்தால் கவலைப்படாதீர்கள், நீருக்கடியில் எல்லாமே கால்பங்கு அருகில் வந்ததுபோல, பெரிதாகத் தெரியும்.

எத்தனை மணிக்கு வரச் சொல்வார்கள்? மதியம் சாப்பிட்டுவிட்டுப் போகலாமா?

நேரத்தை முடிவு செய்வது நீங்களும் இல்லை, டைவ் சென்டரும் இல்லை. கடல். கிழக்குக் கரை முழுக்கத் தட்டையான, ஆழமில்லாத கரை. வற்றம் வந்தால் தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கி, காலையில் நீந்திய இடத்தில் பாறையும் பாசியும் தெரியும். அந்த நேரத்தில் 20 கிலோவைச் சுமந்துகொண்டு வழுக்குப் பாறையில் நடப்பது புதியவருக்கு ஆகாத வேலை, பவளத்துக்கும் கேடு. ஏற்றம் வரும்போது இறங்குவதுதான் வசதி, வெளியிலிருந்து தெளிந்த நீரும் அதனோடு வரும்.

ஏற்றம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் அதிகம், நீரோட்டமும் அதிகம். அஷ்டமி ஒட்டிய நாட்களில் கடல் கொஞ்சம் சாந்தமாக இருக்கும். தேதியைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருந்தால் காலண்டரைப் பார்த்துவிட்டே போடுங்கள், கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொன்று, அந்தமான் நம் நாட்டின் கிழக்கு ஓரம், கடிகாரம் மட்டும் நம்முடையது. விடியற்காலை ஐந்து, ஐந்தரைக்கே வெளிச்சம், மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டு. அதனால் காலை ஆறரைக்கு வாருங்கள் என்றால் முகம் சுளிக்காதீர்கள். காற்று கிளம்பும் முன் நீர் அமைதியாக இருக்கும் நேரம் அது. வயிறு முட்டச் சாப்பிட்டு வராதீர்கள், வெறும் வயிற்றோடும் வராதீர்கள்.

எந்த மாதம் நல்லது?

நவம்பர் முதல் மே தொடக்கம் வரை. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அமைதி. தென்மேற்குப் பருவமழை மே கடைசியில் தொடங்கிவிட்டால் தெளிவும் போகும், கப்பலும் திடீரென்று ரத்தாகும். நீர் ஆண்டு முழுக்க 27 முதல் 30 டிகிரி, குளிருக்குப் பயப்பட வேண்டாம்.

உள்ளே என்ன பார்க்கலாம்? படத்தில் வருவதுபோல வண்ணமயமாக இருக்குமா?

படத்தில் வருவதுபோல இருக்காது, இதை முதலிலேயே தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இல்லை. தண்ணீர் சிவப்பை முதலில் விழுங்கிவிடும், ஐந்து ஆறு மீட்டரிலேயே எல்லாம் நீலமும் பச்சையுமாகத்தான் தெரியும். தவிர, 2010-இலும் 2016-இலும் கடல் சூடேறி அந்தமானில் பவளங்கள் பெருமளவு வெளுத்தன, கரையோரம் உடைந்து கிடக்கும் பவளத்தையும் பார்ப்பீர்கள். அதற்கு நடுவே உயிருள்ள பவளமும் இருக்கிறது.

கிளிமீன் பவளத்தைக் கொறிக்கும் சத்தம் கேட்கும், "கறுக் கறுக்" என்று. அது கொறித்துத் தின்று கழிப்பதுதான் வெள்ளை மணலில் கணிசமான பங்கு. கடல் வெள்ளரி, நட்சத்திர மீன், ராட்சதச் சிப்பி, பாறையிடுக்கில் வாயைத் திறந்து திறந்து மூடும் மோரே விலாங்கு. அது கடிக்க வரவில்லை, மூச்சு விடுகிறது.

கோமாளி மீன் இருக்கும் கடற்சாமந்தியை (பூவைப்போலத் தெரியும் கடல் உயிர்) கண்டால் அவசரப்படாமல் ஒரு நிமிடம் அங்கேயே இருங்கள். பெரிய மீன் ஒன்று உங்கள் முகமூடியை நோக்கிப் பாய்ந்து வரும், திரும்பிப் போகும், மறுபடி வரும். அதுதான் வீட்டுத் தலைவி. அடுத்த அளவில் இருப்பது அவள் கணவன், மற்றவை எல்லாம் இன்னும் பருவத்துக்கு வராத சின்னவை. அவள் இறந்துவிட்டால் கணவன் பெண்ணாக மாறிவிடும், சின்னவற்றில் ஒன்று வளர்ந்து அதற்கு ஜோடியாகும். விரல் நீளம்கூட இல்லாத உயிர் நம்மை விரட்டும் தைரியத்தைப் பார்ப்பதற்கே போகலாம்.

சுறா? முதலை?

கரையோரம் சுறாவைப் பார்த்தால் அதிர்ஷ்டம், இங்கே வரும் சின்ன ரீஃப் சுறாக்கள் நம்மைக் கண்டு ஓடுபவை. நிஜமாகவே கவனிக்க வேண்டியவை அசையாமல் கிடப்பவை. கல்மீன், கடல் முள்ளெலி, சிங்கமீன். எதையும் தொடாமல் இருந்தால் எதுவும் ஆகாது.

முதலையை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தமானில் உவர்நீர் முதலை உண்டு, 2010-இல் ஹேவ்லாக்கின் ராதாநகர் பக்கம் ஒரு சுற்றுலாப் பயணி இறந்திருக்கிறார். எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்திலும், அலையாத்தி மரங்களும் ஓடைமுகமும் இருக்கும் இடத்திலும் நீங்களாகப் போய் இறங்காதீர்கள். டைவ் சென்டர்காரர்கள் தினமும் கடலில் இருப்பவர்கள், அன்றைய நிலவரம் அவர்களுக்குத் தெரியும்.

உண்மையில் உங்களைப் படாதபாடு படுத்தப் போவது கரையில் இருக்கும் மணல் ஈ. கடித்த இடம் பல நாள் அரிக்கும், சொறிந்தால் புண்ணாகும். ஈர மணலில் உட்காராதீர்கள்.

சங்கு, பவளத் துண்டு எடுத்து வரலாமா? செத்ததுதானே?

கூடாது. பாறை அமைக்கும் பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. செத்த துண்டுக்கும் சட்டம் ஒன்றுதான், விமான நிலையத்தில் பையைத் திறந்து எடுத்துவிடுவார்கள், வழக்கும் வரலாம். நீருக்கடியிலும் பவளத்தைப் பிடித்து நிற்காதீர்கள். படத்துக்காகப் பவளத்தின் மேல் உட்காரச் சொல்லும் பயிற்றுநர் என்றால் அவர் நல்ல பயிற்றுநர் இல்லை.

உள்ளே எப்படிப் பேசுவது?

கையால்தான். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால் "சூப்பர்" இல்லை, "மேலே போகலாம்" என்று பொருள். நன்றாக இருக்கிறது என்ற குஷியில் கட்டைவிரலைக் காட்டி, பயிற்றுநர் பாவம் மேலே கூட்டிக்கொண்டு வந்துவிட்ட கதைகள் நிறைய. நன்றாக இருக்கிறேன் என்றால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வட்டம். தலையை ஆட்டியும் பேசாதீர்கள், நம் தலையாட்டலுக்கு ஆமாமா இல்லையா என்று தரையிலேயே வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது.

மாதவிடாய் நாளில் இறங்கலாமா?

உடம்பு ஒத்துழைத்தால் தாராளமாக. டாம்பூனோ கப்போ போதும். ரத்த வாடைக்குச் சுறா வரும் என்பதெல்லாம் கட்டுக்கதை.

செலவு எவ்வளவு? நல்ல சென்டரை எப்படிக் கண்டுபிடிப்பது?

கரையிலிருந்து அறிமுக டைவ் சுமார் 3,500 முதல் 5,500 ரூபாய் வரை, இடத்தையும் சீசனையும் பொறுத்து. படகு என்றால் அதற்குமேல். படம், வீடியோ இதில் சேர்த்தியா என்று கேளுங்கள்.

விலையைவிட நான் கேட்கச் சொல்வது வேறு. ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்? புதியவருக்கு ஒருவருக்கு ஒருவர்தான் சரி. கூட வரும் பயிற்றுநர் தன் பாடி (PADI) அல்லது எஸ்.எஸ்.ஐ. (SSI) சான்றிதழைக் காட்டுவாரா? இவை இரண்டும் டைவிங் பயிற்சி அமைப்புகள். மருத்துவப் படிவம் கொடுத்தார்களா? அவசர ஆக்சிஜன் கிட் கரையில் இருக்கிறதா? இவற்றுக்கு எரிச்சல்படாமல் பதில் சொல்லும் இடத்தில் 500 ரூபாய் கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை. படிவமே தராமல், "அதெல்லாம் ஒன்றும் ஆகாது சார், வாங்க" என்று சிலிண்டரை மாட்டும் இடத்திலிருந்து செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். சுற்றுலாப் பேக்கேஜில் சேர்த்துவிட்ட டைவ் என்றால் எந்த சென்டர் என்று பெயரைக் கேட்டு வாங்குங்கள்.

டைவ் முடிந்து அன்றே விமானம் ஏறலாமா?

கூடாது. ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெல்லத்தான் வெளியேறும், அதற்குள் விமானத்தின் குறைந்த அழுத்தத்துக்குப் போனால் குமிழியாகும். நாள் திட்டம் போடும்போதே டைவை முதல் நாட்களில் வையுங்கள். ஹேவ்லாக்கிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பலில் போவதில் சிக்கல் இல்லை, கடல்மட்டம்தானே. ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரப் பயணம்.

ஏதாவது ஆகிவிட்டால்?

டைவ் முடிந்தபின் மூட்டுவலி, மரத்துப்போதல், தலைசுற்றல், நெஞ்சுவலி, அசாதாரணக் களைப்பு எது வந்தாலும் "தூங்கினால் சரியாகிவிடும்" என்று விடாமல் உடனே சென்டரில் சொல்லுங்கள். ஆக்சிஜன் கொடுப்பதுதான் முதல் உதவி. அழுத்த அறைச் சிகிச்சை (காற்றழுத்தம் கூட்டிய அறைக்குள் வைத்துத் தரும் சிகிச்சை) வேண்டுமென்றால் போர்ட் பிளேரில் கடற்படையின் ஐ.என்.எச்.எஸ். தன்வந்திரி மருத்துவமனைக்குப் போக வேண்டும். எச்சிலில் இரண்டு துளி ரத்தம், மூக்கில் கொஞ்சம் ரத்தக் கசிவு இருந்தால் பெரும்பாலும் சைனஸ் அழுத்தம்தான், இருந்தாலும் அன்று இன்னொரு டைவ் வேண்டாம். இருமும்போது ரத்தம் வந்தால் அது வேறு, நேராக மருத்துவரிடம் போங்கள்.

பிடித்துவிட்டது. அடுத்து?

ஓப்பன் வாட்டர் கோர்ஸ், அதாவது டைவருக்கான முதல் சான்றிதழ்ப் பயிற்சி. மூன்று நான்கு நாள், கடலில் நான்கு டைவ், முடித்தால் உலகில் எங்கும் ஒரு துணையோடு 18 மீட்டர் வரை போகலாம். இதற்கு மட்டும் நீச்சல் வேண்டும்: 200 மீட்டர் நீந்த வேண்டும், வேகம் முக்கியமில்லை, எதையும் பிடிக்காமல் 10 நிமிடம் மிதக்க வேண்டும். பாடப்பகுதியை ஊரிலேயே இணையத்தில் படித்து முடித்துவிட்டு வந்தால் தீவில் ஒரு நாள் மிச்சம். நீங்கள் செய்த அறிமுக டைவையும் சில சென்டர்கள் கோர்ஸின் முதல் டைவாகக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன, அதனால் பணம் கட்டும் முன் அதைக் கேட்டுவிடுங்கள்.